முளைக்குச்சியும் எஃகுக் குழாயும்: கோச்சி நகரத்துப் பைல் வேலை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானில் 1968-ல் ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் கட்டுமான வேலைகள் எவை என்று அதன்கீழ் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் முதலில் நிற்பது பைல் அடிக்கும் எந்திரம். பைல் என்பது கட்டுமானத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் நெடிய தூண் அல்லது தகடு. அதில் சிக்கினால் வேலை தொடங்க 7 நாளுக்கு முன்பே உள்ளூராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சைட்டின் எல்லையில் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதி என்றால் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை எந்திரத்தைத் தொடக் கூடாது. ஞாயிறும் விடுமுறை நாளும் கூடவே கூடாது.

அந்த வரியிலேயே விலக்குகளும் இருக்கின்றன. ஒன்று மோன்கென் எனப்படும் பழைய முறை: எடைக்கல்லைக் கயிற்றால் தூக்கித் தூக்கிப் போடுவது. இன்னொன்று, அழுத்தி இறக்கும் எந்திரம். 1976-ல் வந்த அதிர்வுக் கட்டுப்பாட்டுச் சட்டம் எல்லைக்கோட்டில் 75 டெசிபல் என்று வரம்பு வைத்தது. அங்கேயும் இந்த இரண்டுக்கும் விலக்கு. மோன்கென் கிழடாகிவிட்ட முறை, அதை விட்டுவிடலாம். அழுத்தி இறக்கும் எந்திரத்துக்குச் சட்டம் ஏன் தனியாக வழிவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள, அது வளர்ந்த ஊருக்குப் போக வேண்டும்.

கோச்சி என்றதும் நமக்குக் கேரளத்துக் கொச்சி ஞாபகம் வரும். இது ஷிகோகு தீவின் தென்கரையில், பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். பழைய கோட்டை நகரம். காகாமி, கொகுபு ஆறுகள் உரதோ விரிகுடாவில் வந்து சேரும் இடம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலுமே நகரின் அடிமண்ணில் பெரும்பங்கு. இப்படிப்பட்ட மண்ணில் பாலமோ கரைச்சுவரோ எழுப்பப் பைல் இல்லாமல் முடியாது. அக்கியோ கிதாமுரா என்பவர் 1967-ல் இந்த ஊரில் கட்டுமானத் தொழில் தொடங்கினார். பிற்காலத்தில் கிகென் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான்.

டீசல் சம்மட்டியின் காலம்

அன்றைக்குப் பைல் என்றால் டீசல் சம்மட்டிதான். ஒரு நெடிய உருளைக்குள் டன் கணக்கில் எடையுள்ள பிஸ்டன் விழும், விழும்போது காற்றை இறுக்கும், டீசல் வெடிக்கும், பைலுக்கு ஓர் அடி, பிஸ்டனுக்கு மேலே ஒரு தள்ளு. நிமிடத்துக்கு 40, 50 தடவை இதே பாட்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் புகையோடு எண்ணெய்த் துளிகளும் பறக்கும். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்தால் கதை முடிந்தது. வேலைத்திறன் என்று பார்த்தால் அருமையான எந்திரம். எளிமையானது, வேகமானது, கடினமான மண்ணிலும் மல்லுக்கட்டும். அதனால்தான் ஊருக்கு நடுவில்கூட அதையே வைத்து அடித்தார்கள்.

சத்தமும் அதிர்வும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சத்தம் காற்று வழியாக வருகிறது, அதிர்வு மண் வழியாக வருகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கையேடு, அடித்து இறக்கும் எந்திரத்துக்கு 15 மீட்டர் தூரத்தில் 101 டெசிபல் என்று போட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ‘மென்மையானது’ என்று பலரும் நினைக்கும், பைலை அதிரவைத்து இறக்கும் வைப்ரோ ஹாமருக்கும் அதே அட்டவணையில் அதே 101தான். ஆனால் மண்ணின் கணக்கு வேறு. சுமார் 7.6 மீட்டர் தூரத்தில், அடிக்கும் எந்திரம் தரையை வினாடிக்கு 16 மில்லிமீட்டர் வேகத்தில் ஆட்டும் என்பது அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துத் துறை தரும் வழக்கமான மதிப்பு. வைப்ரோவுக்கு அது 4 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. வீட்டுக்குள் இருப்பவருக்கு 0.3 மில்லிமீட்டரிலேயே ஆட்டம் தெரியும், 1 மில்லிமீட்டரில் புகார் வரும், 10 மில்லிமீட்டரைத் தாங்க முடியாது என்பது பிரிட்டிஷ் தரநிலை சொல்லும் வழிகாட்டி. ஆக, அடிக்கும் எந்திரம் ‘தாங்க முடியாத’ கோட்டைத் தாண்டிவிடுகிறது. வைப்ரோ ‘புகார்’ கோட்டைத் தாண்டிவிடுகிறது. சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலைக்கூட வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவனிப்பார். சைட்டில் நின்று பதில் சொன்னவர்களுக்கு இது தெரியும்.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றிய வைத்தியம் மூடுவது. சம்மட்டியைச் சுற்றித் தகரக் கூண்டு கட்டினார்கள், உறை போட்டார்கள், பைலின் தலைக்கும் சம்மட்டிக்கும் நடுவே மெத்தை வைத்தார்கள். சத்தம் கொஞ்சம் குறையும். மண் வழியாகப் போகும் ஆட்டத்துக்குக் கூண்டு என்ன செய்யும்? இன்றைக்கு வட கடலில் காற்றாலைக்குப் பைல் அடிக்கும்போதும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில், நீருக்கடியில் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று போர்ப்பாய்ஸ் என்ற சிறு கடற்பாலூட்டிக்காக வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பைலைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாய் போட்டுக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள். திரைக்குள்ளே சம்மட்டி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிடுங்க வராத பைல்

மாடு மேய்த்தவர்களுக்கு முளைக்குச்சி தெரியும். காலையில் கல்லால் நாலு போடு போட்டு இறக்கிய குச்சியைச் சாயங்காலம் நேராக இழுத்துப் பாருங்கள், அசையாது. மாடே நாள் முழுக்க இழுத்தும் வராத குச்சி அது. மண் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிதாமுராவுக்கு யோசனை பிறந்ததும் இப்படி ஒரு பிடிவாதத்தில்தான் என்பது அந்நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. வேலை முடிந்த இடத்தில் ஷீட் பைல்களை, அதாவது வரிசையாகக் கோத்துச் சுவராக நிறுத்தும் எஃகுத் தகடுகளைப் பிடுங்கும்போது, அவை இவ்வளவு பலத்துக்கு மசியவில்லையே என்று பார்த்தார். அந்தப் பிடியை எதிரியாக எண்ணாமல் கூட்டாளியாக எண்ணினால்?

ஒரு பைலை அழுத்தி இறக்க வேண்டுமென்றால் அழுத்துகிற எந்திரம் மேலே எழும்பாமல் இருக்க வேண்டும். 100 டன் அழுத்த வேண்டுமானால், 100 டன் எடையை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். சம்மட்டி இந்தச் சிக்கலைத் தந்திரமாகத் தாண்டுகிறது: சிறிய எடையை வேகமாக விழவைத்து, கண நேரத்துக்கு மட்டும் பெரிய விசையை உண்டாக்குகிறது. அந்த கண நேர விசைதான் சத்தம், அதுதான் அதிர்வு. சம்மட்டியின் சத்தம் தவறுதலாக வந்த குறையல்ல. அது வேலை செய்யும் விதமே அது. எனவே சத்தத்தைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி ஒரு முட்டுச்சந்து. எடையை யாரிடம் கடன் வாங்குவது என்று கேட்டால்தான் வழி திறக்கிறது. கிதாமுரா கண்ட பதில்: நேற்று இறக்கிய பைலிடம்.

யோசனையை இரும்பாக்கியவர் அதே ஊரின் எந்திரக் கலைஞர் யாசுவோ காகியுச்சி. இருவரும் சேர்ந்து 1975-ல் முதல் எந்திரத்தை முடித்தார்கள். சைலன்ட் பைலர் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் பெருமைப் பெயர்தான். ஹைட்ராலிக் பம்பை ஓட்டும் டீசல் எஞ்சினின் உறுமல் அதில் உண்டு. ஆனால் அது ஒரே சீரான உறுமல், தூரத்தில் லாரி நிற்பதுபோல.

எந்திரம் நடக்கும் விதம்

இந்த எந்திரத்தை முதலில் பார்ப்பவர்கள் ‘இது எதன்மேல் நிற்கிறது?’ என்றுதான் கேட்பார்கள். அது தரையில் நிற்பதில்லை. இறக்கி முடித்த பைல் வரிசையின் தலைகளை, கீழே இருக்கும் மூன்று நான்கு பிடிகளால் கவ்விக்கொண்டு, வேலிமேல் உட்கார்ந்த பறவை மாதிரி உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் ஒரு சக். கிரேன் புதுப் பைலைத் தூக்கி அதற்குள் விடும். சக் பைலின் உடம்பைப் பிடிக்கும், ஜாக்கிகள் கீழே இழுக்கும். ஓர் அடி, இரண்டடி இறங்கியதும் பிடி தளரும், சக் மேலே ஏறும், மறுபடி பிடிக்கும். நாம் கிணற்றில் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவோமே, அப்படி.

சுவாரசியம் அடுத்த கட்டத்தில். புதுப் பைல் பாதிக்குமேல் இறங்கி, தானே நிற்கும் அளவுக்குப் பிடிப்பு வந்ததும், எந்திரம் அந்தப் பைலை சக்கால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பிடிகளை விட்டுவிடும். இப்போது மொத்த எந்திரமும் அந்த ஒற்றைப் பைலில் தொங்குகிறது. தன்னைத் தானே சற்று உயர்த்தி, அடிப்பகுதியை ஒரு பைல் தூரம் முன்னால் நகர்த்தி, மறுபடி இறங்கி அடுத்த தலைகளைக் கவ்வும். ஓர் அடி முன்னேறியாயிற்று. கூட இருக்கும் கிரேனையும் பவர் யூனிட்டையும்கூட இதேபோலப் பைல் தலைகளின்மேலேயே நடக்கவிடும் ஏற்பாடு பிற்பாடு வந்தது. ஆற்றுக்கு நடுவில் வேலை என்றால், எந்திரங்களைத் தாங்குவதற்கென்றே தற்காலிகப் பாலம் கட்டிப் பிறகு பிரிக்கும் செலவு இதனால் போயிற்று. என் கணிப்பில், இந்த முறை பரவியதற்கு அமைதியைவிட இந்தச் சிக்கனம் பெரிய காரணம். அமைதிக்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பது கடினம். தற்காலிகப் பாலத்தை மிச்சப்படுத்தக் கிடைப்பார்கள்.

கடன் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். 800 மில்லிமீட்டர் விட்டமும் 12 மில்லிமீட்டர் தகட்டுப் பருமனும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு சுமார் 233 கிலோ. 20 மீட்டர் நீளம் என்றால் 4.7 டன். இது வெறும் எடை. மண்ணுக்குள் இருக்கும் அதன் வெளிப்பரப்பு 50 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 3 டன் வீதம் மண் பிடிக்கிறது என்று, நடுத்தரமான மண்ணுக்கு, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 150 டன் ஆகிறது! தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கு மேல். மூன்று பைலைக் கவ்வினால் 450 டன்வரை கடன் தர ஆள் இருக்கிறது. 100 டன் அழுத்தத்துக்கு இது தாராளம்.

தாராளம் என்று சொன்னாலும் ஒரு கொக்கி உண்டு. களிமண்ணில் பைல் இறங்கும்போது சுற்றியுள்ள மண் குழைந்துபோகும், நீரழுத்தம் ஏறும். பிடிப்பு அப்போதைக்குக் குறைவாகவே இருக்கும். நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் மண் இறுகிக் கெட்டியாகப் பிடிக்கும். எந்திரம் கவ்வுவதோ இப்போதுதான் இறக்கிய பைல்களை. ஆக, வரிசையிலேயே பலம் குறைந்தவர்களிடம்தான் அது கடன் வாங்குகிறது. இறக்கிய பைல் அரை அங்குலம் மேலே எழும்பினால் அது அப்போதே தெரிய வேண்டும். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் முன்பக்கப் பைலைப் பார்ப்பதைவிடப் பின்பக்கத் தலைகளை அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்புறம், முதல் பைல். அதற்கு முன்னோடி யாரும் கிடையாது. அதற்காக ஒரு இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் எடைக் கட்டைகளையோ இறக்கவிருக்கும் பைல்களையோ அடுக்கி, எந்திரத்தை அதன்மேல் உட்காரவைத்து முதல் சில பைல்களை இறக்குவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இடம் வேண்டும், லாரி வர வழி வேண்டும். சந்துக்குள் வேலை என்றால் திட்டத்தின் தலைவலி பாதி இங்கேதான்.

குழாய் அடைத்துக்கொண்டால்

முதலில் வந்த எந்திரங்கள் ஷீட் பைலுக்கானவை. மெல்லிய தகடு, மண்ணைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும். குழாய் அப்படியல்ல. அடிப்பக்கம் திறந்த குழாயை இறக்கும்போது மண் உள்ளே ஏறும். சற்று ஆழம் போனதும் உள்ளே ஏறிய மண் குழாய்ச் சுவரோடு இறுகி, புட்டுக்குழாயில் மாவு அடைத்த மாதிரி நின்றுவிடும். அதற்குமேல் உள்ளே புது மண் ஏறாது. அந்த நிமிடத்திலிருந்து அது குழாயல்ல, அடி மூடிய தூண்.

நாம் எடுத்துக்கொண்ட அதே 800 மில்லிமீட்டர் குழாயில், எஃகு வளையத்தின் பரப்பு 0.03 சதுர மீட்டர். முழு வட்டத்தின் பரப்பு 0.5. கிட்டத்தட்ட 17 மடங்கு. அடிமண்ணின் எதிர்ப்பும் அதற்கேற்ப எகிறப் பார்க்கும். சம்மட்டியால் அடிக்கும்போது இந்த அடைப்பு அவ்வளவு எளிதில் விழாது. குழாய் திடீரென்று கீழே பாய, உள்ளே இருக்கும் மண் தன் எடையின் மந்தத்தால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், குழாய் அதைச் சீவிக்கொண்டு இறங்கும். நிதானமாக அழுத்தும்போதோ மண்ணுக்கு அந்த மந்தம் இல்லை. குழாயோடு சேர்ந்து அதுவும் இறங்கும். அமைதிக்குக் கொடுக்கும் விலை இது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

சமாளிக்கும் வழிகள் மூன்று. ஒன்று, கொஞ்சம் அழுத்திக் கொஞ்சம் தூக்கி, மறுபடி அழுத்துவது. தூக்கும்போது அடைப்பு குலையும், பக்கப்பிடிப்பும் தேயும். எந்திரத்துக்கு இழுக்கவும் தெரியும் என்பதால் இது கைவசமே உள்ள வித்தை. இரண்டாவது, பைலின் அடியில் தண்ணீர் பீய்ச்சுவது. மூன்றாவது, உள்ளே ஓகர் எனும் திருகுத் துளைப்பானை விட்டு மண்ணைக் குடைந்தபடி அழுத்துவது. மண்சோதனையில், மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் ‘N’ என்ற எண் 25-ஐ ஒட்டி இருக்கும்வரை வெறும் அழுத்தம் ஓடும், அதற்குமேல் தண்ணீர், பாறை மாதிரி இறுகினால் ஓகர் என்பது பொதுவான கைக்கணக்கு.

குழாய்க்கென்றே நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு மறுபடி முளைக்குச்சியிடம் போக வேண்டும். நேராக இழுத்தால் வராத குச்சியை எப்படிப் பிடுங்குவோம்? திருகிக்கொண்டே இழுப்போம். பொலபொலவென்று வந்துவிடும். குழாய் உருண்டை, அதையும் திருகலாம். ஷீட் பைலைத் திருக முடியாது.

திருகினால் ஏன் எளிதாகிறது? மண்ணின் உராய்வு, பைல் எந்தத் திசையில் நகர்கிறதோ அதற்கு நேரெதிராகத்தான் பிடிக்கும். நிமிடத்துக்கு 1 மீட்டர் இறங்கும் குழாயை, அதே நிமிடத்தில் 4 சுற்றுச் சுற்ற வைத்தால், அதன் தோல் பக்கவாட்டில் 10 மீட்டர் ஓடுகிறது. நகர்ச்சி கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டில். அதனால் உராய்வும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செங்குத்தாக எதிர்ப்பது பத்தில் ஒரு பங்குதான். முன்பு சொன்ன 150 டன், 15 டன்னாகச் சுருங்குகிறது.

அந்த 150 டன் பிடி எங்கேயும் மறையவில்லை. ஏறக்குறைய முழுக்க அது பக்கவாட்டுக்குத் திரும்பி, திருகுவிசையாக வேறு கணக்கில் எழுதப்படுகிறது. குழாயைச் சுற்ற எந்திரம் அந்த உராய்வோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தத் திருகலையும் தாங்கிக்கொள்வது பின்னால் கவ்வப்பட்ட அதே பைல்கள்தான். கடன் கொடுத்தவன் மாறவில்லை, கடன் வாங்கிய திசை மாறியிருக்கிறது. மேலிருந்து கீழே தள்ளும் பலத்தில் இப்படி மிச்சம் பிடித்ததை அடிவிளிம்புக்குத் திருப்பிவிடலாம். அங்கே வெட்டும் பற்களைப் பற்றவைத்தால் குழாய் தானே ஒரு துளைப்பான். ஜைரோ பிரஸ் என்று பெயரிட்டு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டையும் அது அறுத்துக்கொண்டு இறங்கும்.

நகரத்து ஆறுகளில் இதன் அருமை தெரியும். இரண்டு கரையிலும் பழைய கான்கிரீட் சுவர், சுவரை ஒட்டியே வீடுகளின் முதுகு. புதுச் சுவர் வேண்டும், ஆனால் பழையதை இடித்தால் அடுத்த மழையில் வீடு போய்விடும். இங்கே பழைய சுவரை இடிக்காமல், அதைத் துளைத்துக்கொண்டே குழாய்ப் பைல்களை வரிசையாக இறக்கிப் புதுச் சுவரை நிறுத்திவிடுகிறார்கள். சம்மட்டி அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது.

திருகி இறக்குவது ஒன்றும் நேற்றைய சங்கதியல்ல. அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிட்செல் 1833-ல் திருகுப் பைலுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பார்வையற்றவர். தேம்ஸ் நதி முகத்துவாரத்தின் மேப்ளின் மணல்திட்டில் 1838-ல் அவருடைய பைல்கள் கலங்கரை விளக்கத்துக்காக இறங்கின. நம் மெட்ராஸ் கடற்கரையிலும் 1861-ல் திருகுப் பைல்களின்மேல் இரும்புக் கடற்பாலம் ஒன்று எழுந்தது; 1868, 1872 புயல்கள் அதைப் பயனற்றதாக்கின, பிறகுதான் துறைமுகத்துக்கு வேறு வழி பார்த்தார்கள். மிட்செலின் பைலில் அடியில் அகன்ற இரும்பு இறக்கை இருக்கும். மரையாணிபோல அது மண்ணில் தன்னையே இழுத்துக்கொண்டு போகும். ஜப்பானிய எஃகு ஆலைகள் இன்று கட்டடங்களுக்கு விற்கும் இறக்கை வைத்த குழாய்ப் பைல்கள் இதன் பேரப்பிள்ளைகள். தோண்டி வெளியே கொட்ட மண் கிடையாது, தேவை தீர்ந்தால் எதிர்ப்பக்கம் திருகி எடுத்துவிடலாம். இறக்கையில்லாத ஜைரோ பிரஸ் குழாயை மரையாணி என்று நினைக்கக் கூடாது. அது திருகுவதால் இறங்குவதில்லை, திருகுவதால் இளகுகிறது.

கரைக்குள் இரண்டு சுவர்

கோச்சிக்குத் திரும்புவோம். 1946 டிசம்பர் 21 விடியற்காலை, நான்கு மணி கடந்து, 8 என்ற அளவில் நன்காய் நிலநடுக்கம் வந்தது. சுனாமி ஒருபக்கம், நகரைச் சுற்றிய நிலமே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, தாழ்வான பகுதிகளில் கடல்நீர் நெடுநாள் தேங்கி நின்றது இன்னொரு பக்கம். அடுத்த பெரிய நன்காய் நடுக்கம் வருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எப்போது என்றுதான் கேட்கிறார்கள். 2012-ல் அரசு வெளியிட்ட மிக மோசமான நிலைக் கணிப்பில், அதே மாகாணத்தின் குரோஷியோ ஊருக்கு 34 மீட்டர் அலை என்று போட்டிருந்தது. அவ்வளவு உயரத்தை எந்தக் கரையும் தடுக்காது. ஆனால் அதைவிடச் சிறிய அலைகளைத் தடுக்கவும், பெரிய அலையில் ஓட நேரம் வாங்கித் தரவும் கரை தேவை. முதலில், நடுக்கத்தின்போதே அது படுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

மணல்மேல் நிற்கும் மண்கரைக்கு ஆபத்து அங்கேதான். நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது கூழாகிவிடும்; கரை தன் எடையிலேயே அமிழும்; அலை வந்துசேரும் நேரத்தில் தடுப்பின் உயரமே இருக்காது. 2011 சுனாமிக்குப் பிறகு கோச்சிக் கடற்கரையில் கரைகளை வலுப்படுத்தியபோது எடுத்துக்கொண்ட வழி, கரையின் உடம்புக்குள்ளேயே நீளவாக்கில் இரண்டு வரிசை எஃகுச் சுவர்களை அழுத்தி இறக்குவது. கூழாகும் மணலைத் தாண்டிக் கீழே கெட்டியான அடுக்குவரை அவை போகும். மணல் எல்லாம் இளகிவிட்டாலும் இரண்டு சுவர்களும் அவற்றின் நடுவே அகப்பட்ட மண்ணும் நிற்கும்.

இந்த வேலைக்கு ஏன் அமைதியான முறை? குடியிருப்புக்காக என்பது பாதிப் பதில். மீதிப் பாதி கரைக்காக. தளர்ந்த மணலை உலுக்கினால் அது படியும். அதன்மேல் நிற்கும் கரையும் சேர்ந்து சமமில்லாமல் இறங்கும். பாதி வேலையில் புயல் வந்தால், நாமே தாழ்த்திவைத்த கரைதான் ஊருக்குக் காவல். அழுத்தி இறக்கும்போது கரையை வெட்டித் திறக்கவும் வேண்டாம், உலுக்கவும் வேண்டாம். எந்திரம் கரையின் உச்சியில், தான் இறக்கிய சுவரின்மேலேயே ஊர்ந்து போய்விடும். சத்தத்தால் புகார் வாங்கிய ஊரில் பிறந்த எந்திரம், அதே ஊரின் கரைக்கு வந்தபோது சத்தம் இரண்டாம்பட்சமாகிவிட்டது என்பது எனக்குப் பிடித்த திருப்பம்.

எங்கே இது சரிப்படாது

இந்த முறையைப் பற்றிப் படிக்கும்போது, எல்லா இடத்துக்கும் இதுவே என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. கடன் கொடுக்கப் பக்கத்துப் பைல் வேண்டும். அதனால் சுவர், கரை, வரிசை என்றால் பொருந்தும். ஒரு கட்டடத்துக்கு இங்கே நாலு, அங்கே ஆறு என்று சிதறிய பைல்களுக்கு எந்திரம் தாவித் தாவி உட்கார முடியாது. இடைவெளி விட்டுக் கவ்வும் மாடல்கள் உண்டு, அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அங்கே இறக்கை வைத்த பைலோ, நம் ஊரில் வழக்கமான துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றும் பைலோதான் சரி. திறந்த வெளி, பக்கத்தில் வீடில்லை, மெல்லிய மணல் என்றால் வைப்ரோ ஹாமர் வேகத்திலும் காசிலும் ஜெயித்துவிடும். அங்கே போய் அமைதிக்காகச் செலவழிப்பது வீண். உருண்டைக் கல் நிறைந்த ஆற்றுப்படுகையில் பற்கள் தேய்ந்து, ஒரு பைலுக்கு ஒரு நாள் ஓடும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். சம்மட்டி ஓய்ந்துவிட்டால் மற்ற சத்தமெல்லாம் காதில் விழத் தொடங்கும். கிரேன் ரிவர்ஸ் எடுக்கும் பீப், குழாய் மேல் குழாய் உரசும் கிறீச்சு, இரண்டு குழாய்களை இணைக்கும் வெல்டிங்கின் சரசரப்பு, தேய்க்கும் கிரைண்டர். புகார்கள் குறையும், நிற்காது. புகார்ப் பொருள் மாறும்.

மிச்சமிருப்பது தாங்குதிறன் பற்றிய கேள்வி. அடிக்கும் காலத்தில், சம்மட்டியின் கடைசிப் பத்து அடிகளில் பைல் எவ்வளவு இறங்கியது என்று சாக்பீஸால் கோடு போட்டு அளந்து, தாங்குமா தாங்காதா என்று ஊகித்தார்கள். அழுத்தும் எந்திரத்தில் ஊகம் குறைவு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு டன் என்று ஒவ்வொரு பைலுக்கும் பதிவாகிவிடும். நேராக அழுத்திய பைலுக்கு அந்தக் கடைசி எண், அன்றைய தேதியில் மண் தாங்கிய சுமையை ஏறக்குறைய சொல்லிவிடும். ஆனால் திருகி இறக்கிய குழாயின் வரைபடத்தை அப்படியே படித்தால் ஏமாந்துபோவோம். திருகலால் பத்தில் ஒன்றாகக் குறைத்த எதிர்ப்பு அது. பைல் நின்றபின் மண் முழுப் பலத்தோடு பிடிக்கும்போது கிடைக்கும் தாங்குதிறன் வேறு. அழுத்தம், திருகுவிசை, இறங்கிய வேகம், சுற்றின் வேகம் நான்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதுவும் போதாத இடத்தில், மண் இறுகும்வரை சில வாரம் விட்டுவைத்து, ஒரு பைலைத் தேர்ந்து நிலையான சுமையில் சோதிப்பார்கள். வழக்கமாக அந்தச் சோதனைக்கு நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட் கட்டைகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். இங்கே எந்திரத்தை மறுபடி வரிசையின்மேல் ஏற்றி உட்காரவைத்து, பக்கத்துப் பைல்களைக் கவ்வி, திருகாமல் அழுத்திப் பார்க்கலாம். கடன் கொடுக்க இப்போது அந்தப் பைல்களுக்கு முன்னைவிட வசதியும் இருக்கும்.